மோல்ட் மாவு, க்ரீம் பிஸ்கட், ப்ளேன்டீ: பக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிவது

தேயிலைத் தோட்டத்துக் கடைகளில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் என்ன தொங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள். சரமாகக் கோர்த்த மோல்ட் மாவு (பாலில் கரைத்துக் குடிக்கும் பானமா) பக்கட்டுகள், க்ரீம் பிஸ்கட், வேஃபர்ஸ், ஜெலி, கலர் கலராகப் பானங்கள். முக்கால்வாசிப் பக்கட்டுகளின் முன்பக்கத்தில் 'வைட்டமின்', 'கல்சியம்', 'சக்தி', 'வளர்ச்சி' என்று ஏதாவது ஒன்று கொட்டை எழுத்தில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் அது ஏறத்தாழ 32 வீதம். கிளினிக்கில் "பிள்ளை உயரம் போதாது" என்று கேட்டுவிட்டு வரும் தாயிடம் 'வளர்ச்சி' என்று எழுதிய டின்னை விற்பது மிகச் சுலபம். அந்த டின்னுக்குள் இருப்பதில் எவ்வளவு சீனி, எவ்வளவு சாப்பாடு என்று அவருக்குக் கணக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

முதலில் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இது: ஒரு நாளில் கிடைக்கும் மொத்தச் சக்தியில் சேர்க்கப்பட்ட சீனி 10 வீதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும், 5 வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு ஏறத்தாழ 1200 கலோரி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வீதம் என்றால் 120 கலோரி, அதாவது 30 கிராம் சீனி. 5 வீதம் என்றால் 15 கிராம். ஒரு மட்டத் தேக்கரண்டி சீனி 4 கிராம். ஆக, நல்ல அளவு நாளொன்றுக்கு நான்கு கரண்டிக்கும் குறைவு, மீறக்கூடாத எல்லை ஏழரைக் கரண்டி. தேநீரில் போடுவது, பிஸ்கட்டுக்குள் இருப்பது, ஜாமில் இருப்பது எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். முழுப் பழத்தில் உள்ள சீனியும் பாலில் இயற்கையாக உள்ள சீனியும் இந்தக் கணக்கில் வராது.

இலங்கையில் 2016இலிருந்து குளிர்பானங்களில் நிறப் புள்ளி போடவேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மஞ்சள் ரொம்ப அகலம். 10.5 கிராம் உள்ள பானமும் மஞ்சள், 2.5 கிராம் உள்ளதும் மஞ்சள். பிள்ளை குடிப்பதோ 100 மில்லிலீற்றர் அல்ல, முழுப் பக்கட். 10.5 கிராம் என்று போட்ட 200 மில்லிலீற்றர் பானத்தில் 21 கிராம், ஐந்து கரண்டிக்கும் கூட. அது மஞ்சள் புள்ளியோடுதான் அலுமாரியில் நிற்கும். ஆகவே நிறத்தைப் பார்த்ததோடு நிற்காமல், 100க்குரிய எண்ணைப் பக்கட்டின் அளவால் பெருக்கி 100ஆல் வகுத்து, கிடைப்பதை 4ஆல் வகுத்துக் கரண்டியாக்கிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பெட்டியில் வரும் சுவையூட்டிய பாலுக்கு மட்டும் ஒரு சின்னத் திருத்தம். பாலிலேயே 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமளவு இயற்கைச் சீனி உண்டு. முழுக்கப் பாலில் செய்ததாக இருந்து லேபலில் 10 என்று இருந்தால், சேர்த்தது ஏறத்தாழ 5. ஆனால் சேர்பொருட் பட்டியலில் முதலில் நீர், பிறகு சீனி, அதற்குப் பிறகு பால்மா என்று வந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. அது பாலல்ல, பால் வாசமுள்ள சீனித் தண்ணீர்.

இப்போது மோல்ட் மாவுக்கு வருவோம். மலையகத்தில் அதிகம் ஏமாற்றம் நடப்பது இதில்தான், அதுவும் பாதி கடையில், பாதி நம் அடுப்பங்கரையில். ஒரு பக்கட்டின் பின்புறத்தில் 100 கிராமுக்குச் சீனி 40 கிராம், புரதம் 8 கிராம் என்று இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பைக்கு 25 கிராம் மாவு. அப்படியானால் கோப்பையில் 10 கிராம் சீனி, 2 கிராம் புரதம். முன்பக்கத்தில் 'ஒரு கோப்பையில் 8 கிராம் புரதம்' என்று பெரிதாக இருந்தால், அருகில் சின்ன எழுத்தில் '200 மில்லிலீற்றர் பாலில் கரைக்கும்போது' என்று இருக்கும். மீதி 6 கிராமும் பாலுடையது. மாவுக்கு அதில் பங்கில்லை.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பெரும்பாலும் நடப்பது என்ன? பால்மா விலை ஏறியபின், மோல்ட் மாவைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அப்போது புரதம் வெறும் 2 கிராம். "சப்பென்று இருக்கு" என்று பிள்ளை சொல்லும், உடனே குவித்த இரண்டு கரண்டி சீனி விழும். குவித்த கரண்டி 6 கிராமுக்குக் குறையாது. மாவில் 10, கரண்டியில் 12, ஆக 22 கிராம். நாளுக்குரிய நல்ல அளவான 15 கிராம் காலை ஏழு மணிக்கே தாண்டிவிட்டது, வயிறும் நிறைந்துவிட்டது. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குரிய அளவே முக்கால் முதல் ஒரு கோப்பைதான். அந்த இடத்தைச் சீனித் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சோறும் பருப்பும் எங்கே போகும்? "பிள்ளை சாப்பிடுறதே இல்ல" என்ற முறைப்பாட்டுக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

அந்தக் காசுக்குப் பால்மா வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். 25 கிராம் முழு ஆடைப் பால்மாவை 200 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் 6 கிராமளவு புரதம் கிடைக்கும், சீனி போடவேண்டியதே இல்லை. டின்பால் (இனிப்பூட்டிய கெட்டிப்பால்) இதற்கு மாற்று அல்ல. அதில் பாதிக்கு மேல் சீனி.

இரும்புச்சத்து பற்றிய விளம்பரம் இன்னொரு தனிக்கதை. பிஸ்கட்டிலும் மாவிலும் 'இரும்புச்சத்து செறிவூட்டப்பட்டது' என்று இருக்கும். பொய்யல்ல, சேர்த்திருப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பிஸ்கட்டை எதில் முக்கிக் கொடுக்கிறோம்? பால் சேர்க்காத ப்ளேன்டீயில். தேயிலைச் சாயத்தில் உள்ள தனின் அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு, குடலில் உறிஞ்ச விடாமல் தடுக்கும். காசு கொடுத்து வாங்கிய இரும்பின் பெரும்பகுதி மலத்தோடு வெளியே போகும். கொழுந்து பறித்துப் பிழைக்கும் நாட்டில் தேநீரை விடச் சொல்வது கஷ்டம்தான். இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டோடு கொய்யாத்துண்டோ, கீரைக்குமேல் பிழிந்த தேசிக்காய்ச் சாறோ கொடுத்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். கொய்யா பல லயங்களின் பின்புறத்திலேயே காய்க்கிறது.

பிஸ்கட் பக்கட்டில் பார்க்கவேண்டியது சேர்பொருட் பட்டியல். எது எடையில் கூடவோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. கோதுமை மா முதலில் வந்தால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். சீனி, குளுக்கோஸ் சிரப், இன்வேர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மோல்ட் சாறு, தேன் என்று சீனியைப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் மாவோடு போட்டி போடும். மோல்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கும். அது சீனி என்ற வரியில் கணக்கில் வராது, காபோவைதரேற்று என்ற வரியில் மட்டும் வரும், ஆனால் வயிற்றுக்குள் சீனியைப் போலவே வேகமாகக் கரையும். க்ரீம் என்று நடுவில் இருப்பது பாலாடை அல்ல, பெரும்பாலும் அரைத்த சீனியும் பாம் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பும்தான்.

பரிமாறும் அளவிலும் ஒரு வித்தை உண்டு. 'ஒரு பரிமாறலில் 5 கிராம் சீனி' என்று படித்தால் குறைவாகத் தெரியும். பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட். எந்தப் பிள்ளை இரண்டோடு நிறுத்தும்? எப்போதும் 100 கிராமுக்கான நிரலையே பாருங்கள். திண்ம உணவுகளுக்கும் 2019இல் நிறக்குறி விதிகள் வந்தன. அவற்றில் சீனிக்குச் சிவப்பு 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல், உப்புக்கு 1.25 கிராமுக்கு மேல், கொழுப்புக்கு 17.5 கிராமுக்கு மேல். லேபலில் உப்புக்குப் பதில் சோடியம் என்று மில்லிகிராமில் இருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள். 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரைக் கிராம் உப்பு. நூடில்ஸ் தூளில் இதைப் பார்த்தால் அந்தத் தூளில் பாதியையாவது வெளியே கொட்டுவீர்கள்.

'சீனி சேர்க்கப்படவில்லை' என்பதையும் 950, 951, 955 போன்ற எண்களையும் சேர்த்துப் படியுங்கள். அவை செயற்கை இனிப்பூட்டிகள். சீனி குறையும், நாக்கு இனிப்பிலேயே பழகும். பிறகு சும்மா தண்ணீர் கொடுத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பற்களைப் பொறுத்தவரை எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதே கூடுதலாகக் கெடுக்கும். ஒவ்வொரு இனிப்புக்கும் பிறகு வாயில் அமிலம் ஏறித் தணிய அரை மணி நேரமாவது ஆகும். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பத்து மணிக்கு பிஸ்கட், பதினொன்றுக்கு டொபி, இரண்டு மணிக்கு இனிப்புத் தேநீர், நாலு மணிக்கு மறுபடி பிஸ்கட் என்று போனால் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. பிஸ்கட் மாவு கடைவாய்ப்பல் குழிகளில் அப்பிக்கொள்வதால் டொபியைவிட அது பாதுகாப்பு என்றும் சொல்லமுடியாது. கடைவாய்ப்பல் சொத்தையான பிள்ளை கடலையையும் இறைச்சியையும் மெல்ல முடியாமல் ஒதுக்கும், மென்மையான பிஸ்கட்டையே கேட்கும். அங்கிருந்து எடை இறங்கும். மடுவத்தில் தின்பண்ட நேரத்தை இரண்டாகக் குறைத்து, இடையில் தண்ணீர் மட்டும் என்று ஆயாமார் முடிவெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பதிலாக என்ன கொடுக்கலாம் என்றால், பயறு, கவுப்பி, கடலை, முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அவித்த பயறு அரைக் கோப்பையில் 7 கிராமளவு. நான்கு பிஸ்கட்டில் 2 கிராம்தான். மலையில் கடலை வேகமாட்டேன் என்கிறது என்பது நியாயமான குறை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், சூடு அதற்குமேல் ஏறாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடும். ஆகவே இளஞ்சூட்டு நீரில் 12 மணி நேரம் ஊறவையுங்கள். குளிர் அறையில் பச்சைத் தண்ணீரில் ஊறுவது மெதுவாகத்தான் நடக்கும். அவிக்கும்போது உப்பும் புளியும் கடைசியில் போடுங்கள், புளி முன்னே விழுந்தால் தோல் இறுகும். ப்ரெஷர் குக்கர் இருந்தால் விறகும் நேரமும் மிச்சம். நான்கு வயதுக்குக் கீழே கடலையை முழுதாகக் கொடுக்காமல் மசித்து, துருவிய தேங்காயோடு கொடுங்கள், தொண்டையில் சிக்கும் பயம் குறையும்.

கிளினிக்கில் திரிபோஷா கொடுத்தால் அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கிடாமல் அந்தப் பிள்ளைக்கே வையுங்கள். சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா அது. உருண்டை பிடிக்கக் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சுடுதண்ணீரும் போதும், சீனி கை தவறிக் கூடுவதுதான் வழக்கமான பிழை.

ஒரு நடைமுறைச் சிக்கல் மிச்சம் இருக்கிறது. தோட்டக் கடையில் பல பொருட்கள் பெரிய பெட்டியிலிருந்து பிரித்து உதிரியாக விற்கப்படுகின்றன. சின்னப் பக்கட்டில் போசணை அட்டவணைக்கு இடமிருக்காது, இருந்தாலும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பெட்டியிலும் அட்டவணையோ காலாவதித் திகதியோ இல்லையென்றால் அதைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பக்கட்டையே கொண்டுபோய்க் கொடுங்கள். லேபல் முறைப்பாடுகளைப் பார்ப்பது அவருடைய வேலைதான்.