போயர் போர்க் கேள்வி வந்தால் மாதத்தைப் போட்டு எழுதுங்கள்

முதுகலை வரலாற்றில் போயர் போர் (தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர் குடியேறிகளோடு பிரிட்டன் நடத்திய போர்) பற்றிப் பிரிட்டன் மக்களும் பத்திரிகைகளும் என்ன நினைத்தார்கள் என்று 15 மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். நான் வாங்கியது 5. மூன்று பக்கம் எழுதியும், "முதலில் ஆதரித்தார்கள், பிறகு எதிர்த்தார்கள்" என்ற ஒரே வரியைத்தான் இழுத்துக்கொண்டே போயிருந்தேன். யார், எந்த மாதம், எந்த ஊரில் என்று எங்குமே இல்லை.

அடுத்த முறை ஒரு பெரிய தாளில் நடுவே 1899 அக்டோபரிலிருந்து 1902 மே வரை மாதங்களை எழுதி, இடப்பக்கம் தென்னாப்பிரிக்கா, வலப்பக்கம் பிரிட்டன் என்று பிரித்துக்கொண்டேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

1900 மே வரியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை இருந்த மாஃபெக்கிங் ஊரைப் போயர்கள் வளைத்து 217 நாள் நீடித்த முற்றுகை உடைந்த செய்தி 18ஆம் தேதி இரவு லண்டனுக்கு வந்ததும் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது, அந்தக் கூத்திலிருந்து ஆங்கிலத்தில் 'மாஃபிக்' (தெருவில் ஆரவாரமாகக் கொண்டாடு) என்று ஒரு வினைச்சொல்லே பிறந்தது. அந்த வருடமே, போர்க்காலத்தில் நடந்ததால் காக்கித் தேர்தல் என்று பெயர் பெற்ற பொதுத்தேர்தல், ஆளுங்கட்சிக்கு வெற்றி. சரி, 1901 ஜூனுக்கு வாருங்கள். போயர் பெண்களையும் குழந்தைகளையும் பிரிட்டிஷ் படை அடைத்துவைத்திருந்த முகாம்களை நேரில் பார்த்துவிட்டு வந்த பிரிட்டிஷ் சமூகசேவகி எமிலி ஹாப்ஹவுஸின் அறிக்கை வெளியாகிறது. எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் கேம்பல்-பானர்மன் அதே மாதம், நம் படை காட்டுமிராண்டி முறைகளில் போரிடுகிறது என்று வெளிப்படையாகப் பேசுகிறார்.

இங்கேதான் நான் சறுக்கினேன், இதோடு மக்கள் மனம் மாறிவிட்டது என்று முடித்துவிட்டேன். ஆனால் 1901 டிசம்பரில், காலனித்துறை அமைச்சர் சேம்பர்லினின் கோட்டையான பர்மிங்காமில் போரை எதிர்த்துப் பேசப்போன லிபரல் எம்.பி. லாயிட் ஜார்ஜ், கல்லெறிந்த கூட்டத்திடமிருந்து போலீஸ் உடை போட்டுக்கொண்டுதான் தப்பினார். பத்திரிகைகளும் அப்படித்தான்: அரைப் பென்னிக்கு விற்ற டெய்லி மெயில் போரைத் தூக்கிப் பிடித்தது, மான்செஸ்டர் கார்டியனோ தொடக்கத்திலிருந்தே எதிர்த்தது. 'பத்திரிகைகள்' என்று மொத்தமாக எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அப்புறம், பலரும் விடுகிற ஒன்று. கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன, அங்கே குறைந்தது 14,000 பேர் இறந்தார்கள். லண்டனில் நடந்த சண்டையோ அநேகமாக முழுக்க வெள்ளையர் முகாம்களைப் பற்றியதுதான். என் தாளில் அந்த முகாம்களுக்கு நேரே வலப்பக்கம் கிட்டத்தட்ட காலியாகவே இருந்தது. மறுபடி எழுதியபோது அந்தக் காலியிடத்தைப் பற்றியே ஒரு முழுப் பத்தி எழுதினேன்.