உதை

மே 9, 2023, செவ்வாய்

தோள் அறுவைசிகிச்சைக்குப் பிறகு வலது கை இன்று தலைக்கு மேலே போனது. மேல் தட்டிலிருந்து காபித்தூள் டப்பாவை நானே எடுத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அடுத்தது துப்பாக்கிதானே?" என்றாள். டப்பா மூடி திறக்க வரவில்லை என்பதுபோல் அதிலேயே மும்முரமாக இருந்தேன்.

மே 11

மின்வெட்டு, நிலை 6. டார்ச் வெளிச்சத்தில் உதைக் கணக்கு போட்டேன், எந்தத் தோட்டா அளவில் சுட்டால் துப்பாக்கி தோளை எவ்வளவு தள்ளும் என்று. துப்பாக்கி 8 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 7×57 சுமார் 14 அடி-பவுண்டு உதைக்கும். .308 என்றால் 17, 18. .30-06 என்றால் 20. என் .300 வின்செஸ்டர் மேக்னம் 25ஐத் தாண்டும். எந்த எண் வரை என் தோள் தாங்கும் என்று பிசியோ பெண்ணிடம் கேட்டிருந்தேன். "வலித்தால் நிறுத்திவிடுங்கள்" என்றாள். வலித்த பிறகு நிறுத்துவதற்கு இதென்ன ஓட்டப் பயிற்சியா? குண்டு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதான் பிரச்சினையே.

மே 14, ஞாயிறு

மாலை வெயிலில் பக்கத்து வீட்டு ஊம் வந்தார் (இந்தத் தென்னாப்பிரிக்காவில் பெரியவர்களை ஆப்ரிகான்ஸ் மொழியில் 'ஊம்', அதாவது மாமா, என்பார்கள்), கம்பளியில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு. பின்னாலேயே அவர் மனைவி, ஒரு தட்டு ரஸ்க்குடன். எல்லோரும் அவரைத் 'தன்னி', அத்தை, என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருபது வருஷமாகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் தாகம் எடுக்கிறது.

கம்பளிக்குள் பிர்னோ 21எச். செக்கோஸ்லோவாக்கியாவில் உலகப் போர் முடிந்த கையோடு செய்தது. ஊமின் அப்பா வாங்கியது. மெலிந்த கட்டை. கன்னம் படுகிற இடத்தில் மெருகு போய், மரம் தோல்போல ஆகிவிட்டது. இரண்டு விசை. பின்னதை இழுத்து 'கிளிக்' வைத்துவிட்டால் முன்னது மூச்சுப் பட்டாலே விடும். தோளில் வைத்தேன். என் துப்பாக்கியைத் தூக்கும்போது வருகிற அந்த இறுக்கம் வரவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நாலு மாதமாக அந்த இறுக்கம் அறுவைசிகிச்சையால் வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஏழு ஐம்பத்தேழு" என்றார், மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்வதுபோல. "குடூவுக்கு இது போதும்."

ஜூலையில் நாங்கள் வேட்டையாடப் போகிற பெரிய மான் குடூ. போதுமா என்று நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும்.

"எங்கள் தாத்தாக்கள் இதே தோட்டாவை வைத்து ஒரு சாம்ராஜ்யத்தையே இரண்டரை வருஷம் திணறடித்தார்கள். உன் குடூ அதைவிடப் பெரிய ஆளா?"

துப்பாக்கியைத் தந்துவிட்டுப் போகவில்லை. திரும்பக் கம்பளியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார். பெட்டகத்தில் பூட்ட வேண்டுமாம்.

மே 15

இரவு கனவில் மறுபடி அந்த இம்பாலா மான்.

மே 20, சனி

சுடுதளம். ஊம் ஒரு விளையாட்டு காட்டினார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு என் .300இல் அவரே தோட்டா போட்டுத் தந்தார். சில நிஜம், சில மருந்தில்லாத பொய்த் தோட்டா. எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.

முதலாவது நிஜம். தோள் தாங்கியது. இரண்டாவது பொய். விசை 'டிக்' என்றது, வெடி இல்லை, ஆனால் குழல் முனை அரையடி கீழே குத்தியது. நானே தள்ளியிருக்கிறேன். கண்ணையும் மூடியிருக்கிறேன். மூன்றாவதும் பொய். அதே குத்து. ஊம் எதுவும் சொல்லாமல் தூரத்து மரத்தைப் பார்த்தார். அந்த நாகரிகம்தான் தாங்க முடியவில்லை.

ஆக, தோள் இல்லை. போன வருஷம் ஆகஸ்டில், அறுவைசிகிச்சை பற்றிய பேச்சே எழாதபோது, 85 மீட்டரில் அசையாமல் நின்ற ஆண் இம்பாலா. தோளுக்குப் பின்னால் வைத்தேன் என்று சத்தியம் செய்தேன். குண்டு வயிற்றில் போயிருந்தது. இருட்டும் வரை ரத்தம் தேடினோம். முதலில் சொட்டு, பிறகு பச்சையாய் ஏதோ, பிறகு ஒன்றுமில்லை. ரத்தம் விழுந்தால் பணம் கட்டவேண்டும் என்பது இங்கே எல்லா வேட்டைப் பண்ணையிலும் விதி. கட்டினேன். மறுநாள் கழுகுகள்தான் இடத்தைக் காட்டின.

பிறகு பிர்னோவில் அதே விளையாட்டு. நாலு பொய்த் தோட்டாவில் ஒரே ஒரு முறை முனை அசைந்தது.

மே 23

வேலையில் மனமில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தோட்டாச் சரித்திரம். 7×57ஐ மவுசர் 1892இல் கொண்டுவந்தது. ரிக்பி என்ற ஆங்கிலத் துப்பாக்கிக் கம்பெனி அதையே .275 ரிக்பி என்று விற்றது. 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அந்த .275தான். யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் யானைகளையே இதால் சுட்டார். ஆனால் பெல்லை எல்லாரும் மேற்கோள் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. யானையின் மண்டையோட்டைக் குறுக்கே அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். நான் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சுடுகிறவன்.

பெரிய தோட்டாதான் வேண்டும் என்கிற எதிர்க்கட்சிக்கும் ஆள் இருக்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது .30 ஸ்பிரிங்ஃபீல்டோடு .405 வின்செஸ்டர், ஒரு ஹாலண்ட் இரட்டைக் குழல் என்று பீரங்கிப் படையாகத்தான் வந்தார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1900 ஜனவரி, ஊமின் தாத்தாக்களான போயர்கள் ஆங்கிலேயரோடு போட்ட போர், ஸ்பியோன் கோப் குன்று. போயர்களின் மவுசர் குண்டு பட்ட ஆங்கிலச் சிப்பாய்களைத் தூளியில் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. சுமார் 1,100 பேர், பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை தமிழ் சனம் என்பதை நினைத்தால், அந்தத் தூளிகளின் ஒரு முனையில் நம் ஆள் இல்லாமலா இருப்பான்? சாயந்திரம் வேலியோரம் ஊமிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பைப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். "கனமாக இருந்திருக்கும்" என்றார்.

மே 28

அம்மா போனில். "கை சரியாச்சாப்பா?" ஆச்சு. "பின்ன எதுக்கு அந்த வாயில்லா ஜீவன சுடப் போற?" அம்மா, நீ போன வாரம் அனுப்பின போட்டோவில் தட்டு நிறைய ஆட்டுக்கறி. "அது வேற." ஏன் வேற என்று கேட்கவில்லை. எனக்கே அது வேறதான்.

ஜூன் 3, சனி

குண்டு வாங்கப் போனேன். துப்பாக்கி இன்னும் முடிவாகவில்லை, ஆனால் குண்டு முடிவாகிவிட்டது. மனிதன் விசித்திரமானவன்.

எல்லோரும் கேலிபரை, அதாவது குழலின் விட்டத்தை, பற்றியே சண்டை போடுகிறார்கள். நுனியில் இருக்கிற உலோகம்தான் உள்ளே வேலை செய்கிறது. 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் ஒரு மூஸ் மானை .300 மேக்னத்தால் சுட்டார். அதன் தோளில் காய்ந்திருந்த சேற்றிலேயே குண்டு சிதறி, உள்ளே இறங்கவில்லை. ஊருக்குப் போய், நடுவில் செப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிய, பின்பாதி உடையாமல் துளைத்துப் போகும் பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். மேக்னம் வேகம் மெல்லிய குண்டை உடைத்துவிடும் என்ற பாடம் அப்போதே கிடைத்திருக்கிறது. 7×57இன் நிதானமான வேகத்தில் 160 கிரெயின் எடையுள்ள குண்டு உடையாமல் நேராகப் போகும். வேகம் வினாடிக்கு சுமார் 800 மீட்டர், ஆற்றல் 3,300 ஜூல்.

பக்கத்து நமீபியாவில் வேட்டைச் சட்டமே ஜூலில்தான் பேசுகிறது. சின்ன மானான ஸ்பிரிங்பாக்குக்குக் குறைந்தது 1,350. குடூ, கெம்ஸ்பாக், ஈலண்ட், வில்டபீஸ்ட் ஆகிய பெரிய மான்களுக்கு 2,700. எருமை, யானைக்கு 5,400. சின்ன .243 தோட்டாவின் வழக்கமான 100 கிரெயின் குண்டு 2,700ஐக் கொஞ்சத்தில் தவறவிடுகிறது. 7×57 தாராளமாகத் தாண்டுகிறது. என் .300, 4,700. மிச்சமிருக்கிற 2,000 ஜூலும் குடூவுக்கில்லை, எனக்கு.

கடைக்காரர் ஒரு பெட்டி 160 கிரெயின் பார்ட்டிஷனை எடுத்து வைத்துவிட்டு, உரிமம் கேட்டார். 7×57 உரிமம் என்னிடம் ஏது? அசடு வழிந்தேன். ஊம் வந்து வாங்கவேண்டும்.

ஜூன் 8

ஊம் இருமுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிறது.

ஜூன் 10

நிமோனியா. ஆஸ்பத்திரி. தன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை. வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

வெட்கம் கெட்டவன். அவர் நெஞ்சில் சளியோடு படுத்திருக்கிறார், நான் துப்பாக்கிச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொருவர் பெயரில் உரிமமுள்ள துப்பாக்கியை நான் சுடலாம், ஆனால் அவர் நேரடி மேற்பார்வையில் மட்டும். அவர் கூடவே இருக்கவேண்டும். அவர் வரவில்லை என்றால் பிர்னோ வராது. பிர்னோ வரவில்லை என்றால் நானும் .300ம்.

அவர் பிழைக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டேன். எதற்காகக் கும்பிட்டேன் என்று சாமிக்குத் தெரியும்.

ஜூன் 16

விடுமுறை. பண்ணைக்கு போன் செய்தேன். .308 ஒன்று வாடகைக்கு உண்டு, சைலன்சரோடு. உதை தெரியவே தெரியாது என்கிறார். இதுதான் புத்திசாலித்தனம். மோப்பானிப் புதருக்குள் 100 மீட்டரைத் தாண்டிப் பார்ப்பதே அபூர்வம். அங்கே .308க்கும் .300க்கும் என்ன வித்தியாசம்? திறந்த கரூ வெளியில், காற்றில், 250 மீட்டரில் ஸ்பிரிங்பாக் என்றால் பேச்சு வேறு.

என் .300க்கே சைலன்சர் போடலாமே என்கிறாள் இவள் (இவ்வளவு கேட்டுக்கொண்டிருக்கிறாள்!). போடலாம், ஆனால் ஏற்கெனவே நீளமான குழல் கொடிக்கம்புபோல ஆகும். குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் விடுகிற மஸ்ல் பிரேக் போட்டால் உதை குறையும், பக்கத்தில் நிற்கிற தடம்பார்ப்பவரின் காது போகும்.

.308 என்று முடிவு.

ஜூன் 17

முடிவு இல்லை. முன்பின் தெரியாத துப்பாக்கி. அதன் விசை எப்படியோ.

ஜூன் 24, சனி

தனியாகச் சுடுதளம் போனேன். .300. நாலு ரவை. முதல் மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள். நாலாவது ஒன்றரைச் சாண் தள்ளி, இடது கீழே. வயிறு.

ஜூன் 25

நாலில் மூன்று நல்லதுதானே?

ஜூன் 25, இரவு

இல்லை.

ஜூலை 1

ஊம் வீடு வந்துவிட்டார். பாதியாகிவிட்டார். இரவில் ஆக்சிஜன். படுக்கையில் சாய்ந்தபடி ஆண் குடூவின் படத்தை வரைந்து எனக்குப் பாடம் எடுத்தார். முன்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போ, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்து. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊர் மானை நினைத்துத் தோளுக்குப் பின்னால் வைப்பார்கள், இங்கே இதயம் அதைவிட முன்னால், கீழே இருக்கிறது. குடூ 200 கிலோவுக்கு மேல் இருந்தாலும் மெல்லிய பிராணி, சரியான இடத்தில் பட்டால் விழுந்துவிடும். ஏறக்குறைய அதே எடையுள்ள வில்டபீஸ்ட் அதைவிடக் கெட்டி.

"நீங்கள் வராவிட்டால் என்ன ஊம், நான் .308..."

"16ஆம் தேதி எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்?"

தன்னி அறையைவிட்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 10, திங்கள்

ஜோஹன்னஸ்பர்க்கில் பனி! 2012க்குப் பிறகு இப்போதுதான். தெருவே பைத்தியமாகிவிட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள், காவலாளிகள், எல்லோரும் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. இவள் முருங்கைச் செடிக்குப் பழைய வேட்டியைப் போர்த்தினாள். ஊம் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால், கம்பளியில், கையசைத்தார். அந்தக் கம்பளி துப்பாக்கியைச் சுற்றியிருந்தது.

இந்தக் குளிர் அவர் நுரையீரலுக்கு என்ன செய்யும்?

ஜூலை 13

தன்னி வேலியோரம். "நீ சொன்னால் நின்றுவிடுவார்" என்றார்.

ஜூலை 14

சொல்லவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

ஆல்டேஸ், வேட்டைப் பண்ணை. எழுதக் கை வரவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து 400 கிலோமீட்டர் பக்கியை (இங்கே பிக்கப் வண்டிக்கு அந்தப் பெயர்) நானே ஓட்டினேன். பின்னால் இரண்டு துப்பாக்கிப் பெட்டி, ஓர் ஆக்சிஜன் கருவி. பொலொக்வானே தாண்டியதும் ஊம் கண் திறந்தார். விவோவில் நிறுத்தி காபி. அதற்கப்புறம் பாவோபாப் மரங்கள் தொடங்கின. ஒவ்வொன்றாக எண்ணினார், சத்தமாக, ஆப்ரிகான்ஸில். பதினேழில் தூங்கிவிட்டார். இங்கே நிலம் தாழ்வு, குளிர் ஜோஹன்னஸ்பர்க் அளவுக்கு இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஜூலை 17, திங்கள்

காலையில் குறி சரிபார்த்தோம். பிர்னோ, 100 மீட்டர், மூன்று ரவை, மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள். கண் மூடவில்லை. தெரியும், ஏனென்றால் மூன்று தடவையும் அட்டையில் ஓட்டை விழுவதைப் பார்த்தேன். .300ஐயும் இரண்டு ரவை சுட்டேன், மரியாதைக்கு. எங்கே பட்டது என்று எழுதப்போவதில்லை.

மதியம் வழிகாட்டி நேராகவே கேட்டார். நடந்து வேட்டையா, மறைவிடமா? நடை என்றால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊமால் பக்கியிலிருந்து கழிப்பறை வரை நடக்க முடிகிறது. அவர் பக்கத்தில் இல்லாமல் பிர்னோ என் கையில் இருக்கக் கூடாது. நடை என்றால் .300, அல்லது பண்ணை .308. பிர்னோ என்றால் நீர்நிலையோரம் சாக்குத் தட்டி கட்டிய மறைவிடம், நாள் முழுக்க, வாயை மூடிக்கொண்டு, இருமாமல்.

அதற்காகவா நான் வந்தேன்? தடம் பார்த்து, காற்றுப் பார்த்து, புதருக்குள் குனிந்து குனிந்து போவதற்கு வந்தவன். ஜனவரியிலிருந்து அதைத்தானே கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், மயக்க மருந்து இறங்கும்போது கூட.

காலையில் சொல்கிறேன் என்று வழிகாட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

ப்ராய், அதாவது கறி சுடுகிற, நெருப்பருகே ஊம் தட்டைத் தொடவில்லை. மறைவிடத்தில் உட்கார ஒரு மெத்தை நாற்காலி கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தார்.

ஜூலை 18

காலை 4.40. இன்னும் இருட்டு. இரண்டு பெட்டியும் கட்டிலின்மேல். பிர்னோவின் சாவி அவரிடம்.

பக்கத்து அறையில் விளக்கு எரிகிறது. இருமல் சத்தம் இல்லை. பூட்ஸ் ஒன்று தரையில் விழுந்தது. இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறேன்