புத்தகத்தை மூடிய பிறகு: ஒரு படிப்பு நாட்குறிப்பு

ஜூலை 1, செவ்வாய்

அண்ணன் மகளுக்குச் செப்டம்பரில் தேர்வு. அதுவரை மாலை நேரங்களில் அவள் படிப்பைக் கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்ன செய்கிறோம், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்க உத்தேசம். அவள் உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. உயிரியல் புத்தகத்தில் இதயம் பற்றிய பாடத்தைப் புரட்டினால், மஞ்சள் மை படாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பலமுறை வாசித்தாயிற்று, எல்லாம் தெரியும் என்றாள். புத்தகத்தை மூடச் சொல்லி, உடலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மீண்டும் உடலுக்குச் செல்லும் வரையிலான பாதையை ஒரு வெள்ளைத் தாளில் நினைவிலிருந்தே வரையச் சொன்னேன்.

வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள் வரை பேனா தடையின்றி ஓடியது. அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாய்க்குச் ‘சிரை’ என்று எழுதினாள், அடித்துவிட்டுத் ‘தமனி’ என்று எழுதினாள், அதையும் அடித்தாள். “அசுத்த ரத்தம்தானே சித்தப்பா போகுது, அப்புறம் அது எப்படித் தமனியா இருக்கும்?” என்று கேட்டாள். அருமையான கேள்வி. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டு வருவது சிரை. அதில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பது இந்தப் பாகுபாட்டைத் தீர்மானிப்பதில்லை. இந்த விளக்கம் அவள் புத்தகத்திலேயே, மஞ்சள் மைக்கு அடியில், இருக்கிறது. கண் அதன் மேல் எத்தனையோ முறை ஓடியும் எழாத சந்தேகம், தாளை நிரப்ப வேண்டிய நெருக்கடியில் ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன; அந்தப் பழக்கத்தையே அறிவென்று மனம் எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளையும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதில் சுமார் 83 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரு வேளை மட்டும் வாசித்து, மீதி மூன்று வேளையும் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: முதல் கூட்டத்துக்கு 40, இரண்டாம் கூட்டத்துக்கு 61. மறுநாள் தேர்வு என்ற நிலையில் வாசித்துத் தள்ளுகிறவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்வதும், அடுத்த மாதம் அதே பாடம் அந்நியமாகத் தெரிவதும் இதனால்தான்.

ஜூலை 4, வெள்ளி

அவளே தயாரித்திருந்த கால அட்டவணையைக் காட்டினாள். திங்கள் முழுவதும் உயிரியல், செவ்வாய் முழுவதும் வேதியியல், இப்படியே வாரம் முடியும் வரை. ஒரு பாடம் முடிந்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக் விழும், பிறகு தேர்வுக்கு முந்தைய வாரம் வரை அதைத் தொட வேண்டியதில்லை. பார்க்க மிக அழகாக இருந்தது. வண்ணப் பேனாக்களால் போடப்படும் அட்டவணைகள் மீது எனக்குச் சற்று அவநம்பிக்கை உண்டு. போட்டு முடித்தவுடனேயே பாதி படித்துவிட்ட திருப்தியைத் தந்துவிடுகின்றன.

மறதி எப்படி வேலை செய்கிறது என்பதை அட்டவணை கணக்கில் கொள்ள வேண்டும். ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்துப் பெற்ற முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். மறதி சீராக நிகழ்வதில்லை. முதல் சில மணி நேரத்தில் பெரும் சரிவு, அதன்பின் மெல்ல மெல்லத் தேய்வு என்பது அவர் கண்டது. அப்படியானால் மறுபார்வை சரிவு தொடங்கிய பிறகு வர வேண்டும், எல்லாம் கரைந்து போவதற்கு முன்னும் வர வேண்டும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உயிரியல் படிப்பதைவிட, அதே மூன்று மணி நேரத்தை மூன்று வெவ்வேறு நாட்களில் செலவிடுவது அதிகம் நிலைக்கிறது. எவ்வளவு இடைவெளி என்பது தேர்வின் தொலைவைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் தேர்வென்றால் ஓரிரு நாள் இடைவெளியே போதும். இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்றால் வாரக்கணக்கில் விடலாம்.

ஆகவே ஒவ்வொரு மாலையையும் இரண்டாகப் பிரித்தோம். முதல் பகுதி, பழைய பாடம் ஒன்றைப் புத்தகம் திறக்காமல் எழுதிப் பார்ப்பது. அடுத்தது புதிய பாடம். பழையதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் வைத்தால் அது தினமும் நாளைக்குத் தள்ளிப்போகும்.

ஜூலை 8, செவ்வாய்

இருபத்தைந்து நிமிடப் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு என்ற பொமொடோரோ முறையைத் தோழி ஒருத்தி சொன்னாளாம். 1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், தாம் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது. உட்காரவே மனம் வராத நாளில் தொடங்குவதற்கு நல்ல வழி. ஆனால் நீளமான கணக்கின் நடுவில் மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும் என்பதில்லை. ஓய்வில் கைப்பேசியைத் தொடக் கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்தோம்; அந்த ஐந்து நிமிடம் ஐம்பதாகிவிடும்.

ஜூலை 12, சனி

இன்று கணக்கு. கனஅளவு, புறப்பரப்பு இரண்டையும் தனித்தனிப் பயிற்சிகளில் பிழையின்றிப் போட்டு முடித்திருந்தாள். நான் பல பாடங்களிலிருந்தும் பொறுக்கி, வரிசையைக் கலைத்து, தலைப்பு எதுவும் எழுதாமல் ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தேன். அதில் ஒரு கணக்கு: அடிப்பக்க ஆரம் 5 மீட்டர், உயரம் 12 மீட்டர் கொண்ட கூம்பு வடிவக் கூடாரத்துக்கு எவ்வளவு துணி தேவை? அவள் சற்றும் தயங்காமல் கனஅளவுச் சூத்திரத்தில் எண்களைப் போட்டு 100π என்று விடை எழுதிவிட்டாள். பெருக்கலில் பிழையே இல்லை. கூடாரத்துக்குள் இருக்கும் காற்றின் அளவை மிகச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். துணி மேற்பரப்பை மூடுவது. எனவே தேவைப்படுவது வளைபரப்பு. அதற்கு முதலில் சாயுயரம் வேண்டும், அது பிதாகரஸ் தேற்றத்தின்படி 13. விடை 65π சதுர மீட்டர். விடையின் அலகு சதுர மீட்டராக இருக்க வேண்டும் என்று முதலிலேயே யோசித்திருந்தால்கூடத் தடம் கிடைத்திருக்கும்.

புத்தகத்தில் ‘கனஅளவு’ என்ற தலைப்பின் கீழ் வரும் பத்துக் கணக்குகளுக்கும் எந்தச் சூத்திரம் என்ற கேள்வியே எழுவதில்லை. அந்தத் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. எது எதற்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் திறனுக்கு அதுவரை பயிற்சியே கிடைத்திருக்காது. ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்ம வடிவங்களின் கனஅளவுக் கணக்குகளை வகைவாரியாகப் போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள்; கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, இரண்டாம் குழு 63 சதவீதத்தில் நின்றது.

இந்த முறையில் உள்ள சங்கடம், படிக்கிறவருக்கு அது தோல்வி போலத் தோன்றுவது. “முன்னாடி எல்லாம் சரியா வந்துச்சு, இப்ப குழப்பமா இருக்கு” என்று அவளும் முகம் சுளித்தாள். ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர் இத்தகைய தடைகளை விரும்பத்தக்க சிரமங்கள் என்கிறார். எல்லாச் சிரமமும் விரும்பத்தக்கதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சூத்திரமே புரியாதவரிடம் கலவைத் தாளை நீட்டுவது கொடுமை. முதலில் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று கணக்கு போட்டுப் பிடி கிடைத்த பிறகுதான் கலக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

கேள்வி அட்டைகள் தயாரித்தோம். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய பெட்டி முறை இதற்கு எளிது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், பின்னால் உள்ள அறைகளை இன்னும் நீண்ட இடைவெளியில் எடுக்க வேண்டும், தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும்.

அட்டையின் பயன் அதில் எழுதும் கேள்வியில் இருக்கிறது. “இதயத்தின் அமைப்பு” என்று ஓர் அட்டையின் முன்பக்கத்தில் எழுதி, பின்பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் நிரப்பியிருந்தாள். அதைச் சரியாகச் சொன்னோமா இல்லையா என்று யாராலும் தீர்ப்பு சொல்ல முடியாது. அதைக் கிழித்து எட்டு அட்டைகளாக்கினோம். அவற்றில் எனக்குப் பிடித்தது: “இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமனாக இருப்பது ஏன்?” வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது, இடது பக்கம் உடல் முழுவதற்கும் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. ‘ஏன்’ என்று கேட்கும் அட்டை, ‘என்ன’ என்று கேட்கும் இரண்டு மூன்று அட்டைகளைத் தன்னோடு இழுத்து வருகிறது.

ஜூலை 21, திங்கள்

தனக்குப் படங்களாகப் பார்த்தால்தான் ஏறும், எழுதிப் பார்ப்பது ஒத்துவராது என்றாள். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று மாணவர்களை வகை பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்ற நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்பதை 2008-இல் வெளிவந்த விரிவான மீளாய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. எந்த வடிவில் கற்பது என்பதைப் பாடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது; இதயத்துக்குப் படம் எல்லோருக்கும் தேவை. அந்தப் படத்தையும் பார்க்காமல் வரைந்தால்தான் பயன்.

நேற்று நள்ளிரவு தாண்டி விழித்திருந்தாள் என்று அண்ணி சொன்னார். பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பத்தரைக்கு விளக்கை அணைப்பது இனி அட்டவணையின் ஒரு பகுதி.

ஜூலை 27, ஞாயிறு

முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை, தேர்வுக்குரிய அதே நேரக் கணக்கில், குறுக்கே யாரும் பேசாமல் எழுத வைத்தேன். மதிப்பெண் சுமார். திருத்தும்போது மதிப்பெண் இழந்த ஒவ்வோர் இடத்திலும் மூன்றில் ஒரு குறியைப் பென்சிலால் போடச் சொன்னேன்: பாடமே தெரியாதது, தெரிந்தும் நினைவுக்கு வராதது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. அவள் எதிர்பார்த்தது முதல் வகை. அதிகம் விழுந்தது மூன்றாம் வகை. தமனியையும் சிரையையும் வேறுபடுத்தச் சொன்ன இடத்தில், தமனியைப் பற்றி ஒரு பத்தி, சிரையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். எழுதியதெல்லாம் சரி, ஆனால் வேறுபாடு எங்கும் சொல்லப்படவில்லை: சுவரின் தடிமனை ஒன்றுக்குச் சொல்லிவிட்டு மற்றதற்கு விட்டிருந்தாள், வால்வுகளை மறுபுறம் மட்டும் சொல்லியிருந்தாள்.

நினைவுக்கு வராதவை எல்லாம் முதல் அறை அட்டைகளாகிவிட்டன. தெரியாதவை இரண்டே பாடங்களைச் சேர்ந்தவை. அவற்றை இந்த வாரம் புதிதாகத் தொடங்குகிறோம். அடுத்த வினாத்தாள் ஆகஸ்ட் 10. அதில் விடை எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு கேள்வியிலும் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்ற சொல்லின் கீழ் மட்டும் கோடு போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.