மூணாவது வருஷம்: விஸ்கான்சின் மான் சீசன், செப்டம்பர்ல இருந்து ஃப்ரீசர் வரைக்கும்

முதல் ரெண்டு வருஷமும் நான் வேட்டைக்குப் போனேன்னு சொல்றதை விட, காட்டுக்குள்ள போய் குளிர்ல உக்காந்துட்டு வந்தேன்னு சொல்றதுதான் சரி. ரெண்டு சீசன், மொத்தம் பதினோரு நாள், பார்த்த மான் நாலு, நாலும் வெள்ளை வாலைத் தூக்கிக்கிட்டு ஓடுறப்ப பார்த்ததுதான். ஒயிட்டெய்ல்னு பேர் வச்சவனும் என்னை மாதிரி பின்னாடி இருந்துதான் பார்த்திருப்பான் போல. இந்த வருஷம் கதை கொஞ்சம் வேற, அதான் மறக்குறதுக்குள்ள எழுதி வச்சுக்கறேன்.

தெரியாதவங்களுக்கு: இருக்கறது அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் பக்கம். போறது லோயர் விஸ்கான்சின் ஸ்டேட் ரிவர்வே, பிரெய்ரி டு சாக் அணையில இருந்து மிசிசிப்பி வரைக்கும் 92 மைல் ஆத்தோரமா போகுது, அதுல பப்ளிக் நிலம் நிறைய, யார் வேணா லைசென்ஸ் எடுத்துட்டு வேட்டையாடலாம். நான் ஸ்பிரிங் கிரீன் சுத்துவட்டாரம்தான், கரெக்டான இடம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன் :) ஊர்ல ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போட்டோ போட்டா "மச்சி உள்ள தூக்கிப் போட்ருவாங்கடா"ங்கறாங்க. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு சட்டம், அதனால மான் கறின்னாலே போலீஸ் ஞாபகம்தான் வரும். இங்க நிலைமை தலைகீழ், மான் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கு, நவம்பர்ல 9 நாள் துப்பாக்கி சீசனுக்கு மட்டும் அஞ்சு லட்சம் பேருக்கு மேல லைசென்ஸ் எடுக்கறாங்க. துப்பாக்கி, தோட்டா விக்கறப்ப கம்பெனிகிட்ட புடிக்கிற 11 சதவீத வரி 1937ல வந்த சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்கே போகுது. இதைச் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான்.

விசாவுல இருக்கற பசங்க அடிக்கடி கேக்கறாங்க, அதனால இதையும் சொல்லிடறேன். சாதாரணமா விசாக்காரங்க துப்பாக்கி வச்சுக்கக் கூடாது, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா அதுக்கு விதிவிலக்கு இருக்கு, ஆனா நான் கிரீன் கார்டு வந்தப்புறம்தான் ஆரம்பிச்சேன், நீங்க வக்கீலைக் கேட்டுட்டு இறங்குங்க. அப்புறம் 1973லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க ஹன்ட்டர் எஜுகேஷன் வகுப்பு முடிச்சிருக்கணும். அதுல நாலே நாலு விதிய மண்டையில அடிச்சு ஏத்தி விடுவாங்க: எல்லாத் துப்பாக்கியும் லோடு ஆகி இருக்குன்னே நினை, குழல் முனை ஆபத்தில்லாத பக்கம் பார்த்தே இருக்கணும், எதைச் சுடறோம் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோ, சுடப் போற நேரம் வரைக்கும் ட்ரிக்கர் பக்கம் விரல் போகக் கூடாது. மூணாவது விதி இந்த வருஷம் எனக்கு நிஜமாவே வேலைக்கு வந்துச்சு, பின்னாடி சொல்றேன்.

செப்டம்பர்

அப்பாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தப்ப, ரெண்டு வருஷமா ஒண்ணும் மாட்டலன்னு புலம்பினேன். அவரு சின்ன வயசுல சிவகங்கைப் பக்கம் கருவேலங்காட்டுல ஆடு மேச்சவரு, அந்தக் காலத்துல அவங்க பெரியப்பா கூட முயலுக்கு வலை கட்டப் போயிருக்காரு. நான் கேமரா, துணி, பூட்ஸ்னு அடுக்கிட்டே போறேன், அவரு நடுவுல, "அதெல்லாம் இருக்கட்டும், காத்து எந்தப் பக்கம்டா அடிக்குது?"ன்னாரு. எனக்கு பதில் தெரியல. ரெண்டு வருஷமா அதை நான் பார்த்ததே இல்ல.

அன்னிக்கு ராத்திரி மேப்பைத் திறந்து பார்த்தா சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. கார் நிறுத்துற இடம் மேற்க, மான் பகல்ல படுக்கற புதரு கிழக்க, நான் உக்காந்தது ரெண்டுக்கும் நடுவுல. இங்க இலையுதிர் காலத்துல காத்து பெரும்பாலும் மேற்குல இருந்தும் வடமேற்குல இருந்தும்தான் வரும். அதாவது கார்க் கதவைத் திறந்த நிமிஷத்துல இருந்து என் வாசனை நேரா மான் மூக்குக்கு டெலிவரி ஆயிட்டு இருந்திருக்கு. அதுவும் தலைக்குத் தேங்கா எண்ணெய், ஃபிளாஸ்க்ல ஃபில்டர் காபி, காலையில சாப்பிட்ட இட்லிப்பொடி எல்லாம் சேர்ந்து. பார்க்கிங் பக்கம்ங்கற ஒரே காரணத்துக்காக ரெண்டு வருஷத்தை வீணாக்கியிருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை ஆத்துப் பக்கமா சுத்திப் போனேன், ஒண்ணேகால் மைல் நடை, பாதி சேறு. ஆனா மலைச்சரிவுல ஒரு இடம் கிடைச்சுது, மேல வெள்ளை ஓக் மரம் ஏழெட்டு, கீழ தரையெல்லாம் ஏகார்ன் கொட்டை. சிவப்பு ஓக் கொட்டைய விட இதுல துவர்ப்பு கம்மி, அதனால மான் இதைத்தான் முதல்ல தேடி வரும். கொட்டை ஓடு கடிச்சுத் துப்பினது, புழுக்கை, ரெண்டு பாதை வந்து சேர்ற இடத்துல குளம்புத் தடம் எல்லாம் இருந்துச்சு.

அங்கேயே ஓரத்துல மில்க்வீட் செடி. காய் வெடிச்சு பஞ்சு வெளிய வந்திருந்துச்சு, பார்த்தா நம்ம எருக்கம்பஞ்சு அச்சு அசல், செடிக் குடும்பமும் ஒண்ணுதான். இங்க பழைய வேட்டைக்காரங்க இதைத்தான் காத்து பார்க்க வச்சுக்கறாங்க. கடையில விக்கற பவுடர் பாட்டில் ரெண்டடிக்கு மேல கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு அம்பது யார்டு வரைக்கும் மிதந்து போறதைப் பார்க்கலாம். ஒரு பழைய மாத்திரை டப்பா நிறைய அடைச்சுட்டு வந்தேன். பஞ்சு விட்டுப் பார்த்தப்பதான் இன்னொண்ணு புரிஞ்சுது, ஆப்ல மேற்குக் காத்துன்னு போட்டிருந்தாலும் விடிகாலையில சரிவுல குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி கீழ இறங்குது, வெயில் ஏறினப்புறம் மேல ஏற ஆரம்பிக்குது. அப்ப காலையில மான் வர்ற பாதைக்கு நான் கீழ உக்காரணும். இது எந்த வீடியோ பார்த்தப்பவும் என் மண்டையில ஏறல, பஞ்சு பறந்தப்பதான் ஏறுச்சு.

அக்டோபர்

கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி ட்ரிக்கர் வச்ச வில்லு) சீசன் செப்டம்பர் நடுவுலயே திறந்துடும். நாலு சாயங்காலம் போனேன். நாலாவது நாள் ஒரு பெட்டை மான் 35 யார்டு பக்கம் வந்து நின்னுச்சு, வாழ்க்கையில முதல் தடவையா ஒரு மான் என்னைப் பார்க்காம நிக்குது. கை நடுங்குது, நெஞ்சு அடிக்கறது காதுல கேக்குது. விட்டேன், டிக்குனு ஒரு சத்தம், மான் தாவி ஓடிடுச்சு. நடுவுல சுண்டு விரல் தடிமன்ல ஒரு காஞ்ச குச்சி, ஸ்கோப்ல அது தெரியவே இல்ல. அம்பு மண்ணுல குத்தி நின்னுச்சு, துடைச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு. இருந்தாலும் டார்ச் அடிச்சு ஒரு மணி நேரம் ரத்தம் இருக்கான்னு தேடினேன். இல்ல. தப்பிச்சது நிம்மதி, ஆனா அடிபட்டு எங்கயாவது கிடக்குதோன்னு ராத்திரி பூரா தூக்கம் வரல. மறுநாள் காலையிலயும் போய் ஒரு சுத்து பார்த்துட்டு வந்தேன்.

ரைஃபிள் .308 (அது தோட்டா அளவு). மாசக் கடைசியில ரேஞ்சுக்குப் போய் 100 யார்டுல சரிபார்த்தேன், ரெண்டு இன்ச் இடது பக்கம் போச்சு, திருகி சரி பண்ணியாச்சு. ஈயத் தோட்டா மானுக்குள்ள தூள் தூளா சிதறி கறியில தங்கும்ங்கறதால காப்பர் தோட்டாதான். விலை கூடத்தான், வீட்டுல சின்னப் புள்ள இருக்கே.

நவம்பர் 22, சனி

ஓப்பனர், அதாவது துப்பாக்கி சீசனோட முதல் நாள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமைதான் எப்பவும். இங்க இது கிட்டத்தட்ட பொங்கல் மாதிரி, பெட்ரோல் பங்க்ல காலையில நாலு மணிக்கே ஆரஞ்சு கலர்ல கூட்டம். இடுப்புக்கு மேல பாதியாவது பளிச் ஆரஞ்சோ பிங்க்கோ இருக்கணும், சட்டம். மானுக்கு அந்தக் கலர் மங்கலாத்தான் தெரியும், நமக்குத்தான் கண்ணு கூசுது.

சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடிதான் சுட ஆரம்பிக்கலாம். கணக்கா அந்த நேரத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் டம் டம்னு ஆரம்பிச்சுது, தீபாவளி காலை மாதிரி. எனக்கு ஒண்ணும் வரல. ஒன்பதரைக்கு ஒரு ஆளு என் முன்னாடியே நடந்து போனாரு, கையைத் தூக்கி சாரி சொன்னாரு. பப்ளிக் நிலம், என்ன பண்றது. மத்தியானம் காத்து தெற்க திரும்பிடுச்சு, பஞ்சு நேரா ஓக் மரத்துப் பக்கமே போகுது, எந்திரிச்சு வந்துட்டேன். பழைய நானா இருந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பேன்.

நவம்பர் 23, ஞாயிறு

அஞ்சு மணிக்கே உள்ள. மரத்துல ஏறல, தரையிலதான், விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னாடி. மரத்துல கட்டற ஸ்டாண்டுல இருந்து விழுந்து அடிபடறதுதான் இங்க அதிகம், இன்னும் எனக்கு அதுல தைரியம் வரல. பஞ்சு மெதுவா கீழ இறங்குச்சு. நல்லது.

எட்டேகால் இருக்கும். முதல்ல சருகுச் சத்தம், அணில்னு நினைச்சேன், இங்க அணில் நடந்தா யானை நடக்கற மாதிரி கேக்கும். அப்புறம் மூணு பெட்டை வரிசையா. பெருசு முன்னாடி, 70 யார்டு, பக்கவாட்டுல நின்னுச்சு, எல்லாம் சரியா இருக்கு, ஆனா அதுக்கு நேர் பின்னாடி ஒரு குட்டி நிக்குது. தோட்டா துளைச்சுப் போனா அதுவும் போச்சு. மூணாவது விதி. ஒரு நிமிஷம்கூட இருக்காது, எனக்கு ஒரு யுகம். குட்டி ரெண்டடி முன்னாடி நகர்ந்துச்சு. முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி குறி வச்சு சுட்டேன். பின்னங்காலை உதறிட்டு ஒரே ஓட்டம்.

உடனே பின்னாடி ஓடக் கூடாது. அரை மணி நேரம் உக்காந்தேன், ஃபிளாஸ்க்ல வெந்நீர் (காபி இல்ல!) குடிச்சேன், கை அப்பவும் நடுங்கிட்டேதான் இருந்துச்சு. போய்ப் பார்த்தா சருகு மேல ரத்தம், வெளிர் சிவப்பு, நுரை நுரையா குமிழ். நுரையீரல்ல பட்டிருக்குன்னு அர்த்தம், தூரம் போயிருக்காது. கறுஞ்சிவப்பா இருந்தா ஈரல், பச்சையா பழுப்பா நாறினா குடல், அப்ப மணிக்கணக்கா காத்திருக்கணும். அறுபது அடி எடுத்து வச்சதுல ஒரு கட்டைக்குப் பக்கத்துல கிடந்துச்சு. கண்ணு திறந்தே இருந்துச்சு.

எங்க குலசாமி கோவில்ல கிடா வெட்டறப்ப மஞ்சத்தண்ணி தெளிச்சு, அது உடம்பைச் சிலுப்பினாதான் உத்தரவு குடுத்திருச்சுன்னு வெட்டுவாங்க. அந்த ஞாபகம்தான் வந்துச்சு. இங்க யாரைக் கேக்கறது. கழுத்துல கை வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், அப்புறம் வேலையைப் பார்த்தேன்.

குடல் எடுக்கற வேலை வீடியோல எட்டு நிமிஷம், எனக்கு அம்பது நிமிஷம். கத்தியோட கூர் மேல பார்க்க, ரெண்டு விரலைத் தோலுக்கு அடியில விட்டு, அது நடுவுல கத்தி போகணும், இல்லன்னா வயித்துப்பை கிழிஞ்சு கறி நாறிடும். கிழிக்க கிழிக்க ஆவி பறக்குது, அந்தக் குளிர்ல விறைச்சுப் போயிருந்த என் விரலுக்கு உள்ள இருந்த சூடு இதமா இருந்துச்சுன்னு எழுத ஒரு மாதிரி இருக்கு, ஆனா உண்மை அதுதான். மூத்திரப்பைய ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சு வெட்டணும். உதரவிதானத்தை அறுத்துட்டு, முழங்கை வரைக்கும் உள்ள விட்டு மூச்சுக்குழாயைத் தடவிப் பிடிச்சு அறுத்து இழுத்தா மொத்தமும் ஒரே கொத்தா வெளிய வருது. ஸ்வெட்டர் கையை மடிச்சு விட மறந்துட்டேன், அது குப்பைக்குப் போச்சு.

அப்புறம் ஒண்ணேகால் மைல் இழுவை. பிளாஸ்டிக் ஸ்லெட்ல (தரையோட இழுக்கற தட்டு) கட்டி சேத்துல இழுத்தேன், பாதியில கயிறு அறுந்துச்சு, பெல்ட்டைக் கழட்டிக் கட்டினேன். மூணு மணி நேரம். பார்க்கிங்ல ஒரு பெரியவர் ஒண்ணும் கேக்காம வந்து ஒரு பக்கம் பிடிச்சு கார்ல ஏத்தி விட்டாரு.

அப்புறம் நடந்தது

மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மானைப் பதிவு பண்ணணும், போன்லயே ரெண்டு நிமிஷ வேலை. லைசென்ஸ் எடுக்கறப்பவே எந்த கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி), பப்ளிக் நிலமா தனியார் நிலமானு சொல்லித்தான் கொம்பில்லாத மானுக்கு டேக் (அனுமதிச் சீட்டு) வாங்கணும், அதைக் கவனமா வாங்குங்க.

இந்த ஏரியால முக்கியமானது சிடபிள்யூடி டெஸ்ட். மானோட மூளையைத் தின்னுற நோய், 2002ல விஸ்கான்சின்ல முதல்ல கண்டுபிடிச்சதே இந்தப் பக்கம், மவுன்ட் ஹோரெப் கிட்டதான். மனுஷனுக்கு வந்ததா இதுவரை உறுதியாகல, ஆனாலும் பாசிட்டிவ்னா சாப்பிடாதீங்கன்னு சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பு) சொல்லுது, வேக வச்சாலும் நோய்க்குக் காரணமான அந்த ப்ரியான்ங்கற புரதம் சாகாது. தலையை அஞ்சு இன்ச் கழுத்தோட வெட்டி, கியோஸ்க்ல (தலையை விட்டுட்டு வர்றதுக்குன்னே வச்சிருக்கற இடம்) இருக்கற பையில போட்டு, விவரம் எழுதி வச்சுட்டு வரணும், டெஸ்ட் இலவசம். ராத்திரி பத்து மணிக்கு மான் தலையை மடியில வச்சுட்டு ஃபார்ம் எழுதினது வாழ்க்கையில மறக்காது.

கறி கராஜ்லயே வெட்டினேன், எலும்பை அறுக்காம சதையை மட்டும், மொத்தம் இருபது கிலோ பக்கம். வீட்டம்மா கண்டிஷன்: "ரிசல்ட் வர்ற வரைக்கும் இது என் கிச்சனுக்குள்ள வரக்கூடாதுங்க, வந்தாலும் என் குக்கர்ல கிடையாது." சரின்னு கராஜ் ஃப்ரீசர்ல தனியா வச்சு, இந்தியன் கடையில அஞ்சு லிட்டர் குக்கர் ஒண்ணு வாங்கினேன். பதினோராவது நாள் ரிசல்ட், நோய் இல்ல.

முதல்ல சுக்கா. மான் கொழுப்பு மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டும், அதனால கொழுப்பு, மேல இருக்கற வெள்ளைச் சவ்வு ரெண்டையும் மொத்தமா சீவி எடுத்துடணும், அதுக்குப் பதிலா நல்லெண்ணெய் தாராளமா. சின்ன வெங்காயம், இடிச்ச மிளகு, சோம்பு, பூண்டு. தொடைக் கறிக்கு ஆறு விசில் விட்டேன், ஒண்ணு கம்மியாவே விட்டிருக்கலாம், நாரா உதிர்ந்துச்சு. முதுகுக் கறிக்கு குக்கரே வேணாம், தோசைக்கல்லுல நெய் ஊத்தி ரெண்டு பக்கமும் மூணு மூணு நிமிஷம், அவ்வளவுதான். வீட்டம்மா ஒரு துண்டு எடுத்து, "ஆட்டு ஈரல் வாசம் அடிக்குது"ன்னாங்க, அப்புறம் ரெண்டாவது துண்டும் எடுத்தாங்க, மூணாவது எடுக்கல.

அப்பாவுக்கு வீடியோ கால்ல சட்டியைக் காட்டினேன். கறியைப் பத்தி ஒண்ணும் கேக்கல, "எந்தக் காத்துல வந்துச்சு?"ன்னாரு. சொன்னேன். "ம்"னாரு.

டிசம்பர்ல கொம்பில்லாத மானுக்கு இன்னொரு நாலு நாள் சீசன் இருக்கு, ஃப்ரீசர்ல இடமில்ல, போகல. அடுத்த வருஷத்துக்கு நல்ல கயிறு போட்ட ஸ்லெட் வாங்கணும், ஸ்வெட்டர் பழசா ஒண்ணு பார்த்து வைக்கணும். பஞ்சு இன்னும் அரை டப்பா இருக்கு.