பாலத்துக்கு முன்னால் ஒரு தாய்

டிசம்பர் 26

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மறுபடியும் அதே படம். ரஃபேல் வரைந்து கொடுக்க, 1510-களின் தொடக்கத்தில் மார்க்கன்டோனியோ ரைமோண்டி செம்புத் தகட்டில் செதுக்கிய ‘மாசில்லாக் குழந்தைகள் படுகொலை’. பைபிளில் ஏரோது மன்னனின் கட்டளையால் பெத்லகேமில் நடந்தது. பின்னால் தெரிவதோ ரோம். டைபர் ஆற்றில் கி.மு. 62இல் கட்டிய ஃபாப்ரீசியஸ் பாலம் அது. இன்னும் மனிதர்கள் அதில் நடந்து போகிறார்கள். வாளோடு பாய்கிற வீரர்கள் உடம்பில் துணியில்லை. ஒவ்வொரு தசையும் அவ்வளவு அழகு. அந்த அழகுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிசம்பர் 27

குறைமாதத்தில் பிறந்த மகள் 1,120 கிராம். நேற்றைவிடக் குறைவு. முதலில் குறையத்தான் செய்யும் என்கிறார் டாக்டர்.

டிசம்பர் 28

இன்று மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. அம்மா பூசைக்குப் போகவில்லை. “இன்னைக்கு அந்த வாசகத்தைக் காதால கேக்க முடியாதுடா.” மத்தேயு இரண்டாம் அதிகாரம். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். மறுக்கட்டும். அவளிடம் போய் யார் என்ன சொல்ல முடியும்?

டிசம்பர் 29

தூக்கம் வரவில்லை. நடுவில் ஓடி வருகிறாளே, அவளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவர்கள் வீரர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். இவள் ஒருத்திதான் நம்மை நோக்கி நேராக வருகிறாள். வாய் திறந்திருக்கிறது. இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கீழே தரையில் செத்த குழந்தைகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கலைந்து வெறும் கோடுகளாகிவிடுகிறது. கோடு மேல் கோடு குறுக்கே போனால் நிழல், உளி படாத இடம் வெளிச்சம். வண்ணம் ஒரு சொட்டு கிடையாது. அவள் கையிலிருக்கும் பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் இருக்கிறது. வாள் இன்னும் அவளை எட்டவில்லை. ரஃபேல் அந்தக் கணத்தில் நிறுத்தினாரே, அதற்காக அவரைக் கும்பிடலாம்.

டிசம்பர் 30

மானிட்டர் சத்தம் வீட்டிலும் கேட்கிறது.

டிசம்பர் 31

1,135! 2 மில்லி பால் தாங்கியிருக்கிறாள். அத்தை வராந்தாவிலேயே அழுதுவிட்டார்.

இதே படத்துக்கு இரண்டு தகடுகள் உண்டு. ஒன்றில் வலப்பக்கம் மேலே ஒரு சின்ன ஊசியிலை மரம், மற்றதில் அது இல்லை. இரவு முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் ஓடித்தான் வருகிறாள்.

ஜனவரி 1

யாரும் வாழ்த்து சொல்ல வேண்டாம்.

ஜனவரி 3

விடிகாலையில் மூச்சுவிட மறந்துவிட்டாளாம். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டியதும் திரும்ப எடுத்திருக்கிறாள். குறைமாதப் பிள்ளைகளுக்கு இது வருவதுதான், காஃபீன் மருந்து தொடரும் என்றார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் கங்காரு கேர், பிள்ளையை வெறும் மார்போடு அணைத்து வைத்துக்கொள்வது. அப்பாவும் வைத்துக்கொள்ளலாமாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டு வரச் சொன்னார்கள். நகம் வெட்டணும். குளித்துவிட்டுப் போகணும்.