வீசிங் சத்தமே இல்லாத ஆஸ்துமா

எனக்கு ஒருநாள்கூட நெஞ்சில் விசில் சத்தம் கேட்டதில்லை. வறட்டு இருமல், அவ்வளவுதான். பகலில் வேலை மும்முரத்தில் மறந்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைக்கும். மார்கழியில் இன்னும் மோசம். தெருமுனை கிளினிக்கில் போகும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக்கும் இருமல் டானிக்கும் எழுதினார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். "எல்லாம் நார்மல்" என்று கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

நுரையீரல் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். ராத்திரியில் கூடுதா? வாய்விட்டுச் சிரித்தால் வருதா? மிளகாய் வறுத்தால்? வீட்டில் யாருக்காவது இளைப்பு? சின்ன வயசில் கரப்பான் என்கிற தோல் அரிப்பு இருந்ததா? எல்லாவற்றுக்கும் ஆமாம். அப்பாயிக்கு இளைப்பு இருந்ததை அதுவரை யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.

அடுத்து ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை. மூக்கில் கிளிப், வாயில் குழாய். மூச்சை முட்ட இழுத்து, ஒரே வேகத்தில் ஊதி, "இன்னும் இன்னும் இன்னும்" என்று அந்தப் பெண் கத்தும்வரை விடக் கூடாது. தலை கிறுகிறுத்தது. முதல் நொடியில் வெளிவந்த காற்று 1.9 லிட்டர். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள்: 2.3 லிட்டர். 200 மில்லிக்கும் 12 சதவீதத்துக்கும் மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல சாட்சி. ஆனால் தொந்தரவில்லாத நாளில் ஊதினால் நார்மலாகவே வரலாம். அதனால் இருமல் இருக்கும்போதே போவது நல்லது.

ஆஸ்துமாதான் என்று சொல்லி டாக்டர் எழுதியது, அழற்சியைக் குறைக்கும் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த பம்ப், காலையும் இரவும். மூச்சு இறுகினாலும் அதையே அடிக்கச் சொன்னார். சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019லிருந்தே ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்கிறதாம். சால்பியூட்டமால் மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது.

அத்தைக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "பம்ப் பழக்கமாயிடும்மா, மாத்திரையே போட்டுக்கோயேன்." ஒரு இழுப்பில் இருக்கும் ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம், இளைப்பு முற்றிப் போனால் தரும் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம் வரை போகும். கணக்கைச் சொன்னதும் அத்தை ஒன்றும் பேசவில்லை. கொசுவத்தியை மட்டும் அவரே தூக்கிப் போட்டுவிட்டு வலை கட்டினார். என்னைக் கேட்டால் பாதி மருந்து அதுதான்.

பம்பை ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டில் மாட்டித்தான் அடிக்கிறேன். நேரடியாக அடித்தால் அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகாமல் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

மூச்சை ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் என் உச்சம் நிமிடத்துக்கு 400 லிட்டர். 320க்கு மேலே பச்சை. 320க்கும் 200க்கும் நடுவே மஞ்சள். அதற்கும் கீழே சிவப்பு. போகிப் புகைக்கு 290 காட்டியது. ஜன்னலைச் சாத்தி, டாக்டர் எழுதித் தந்தபடி கூடுதலாக ஒரு இழுப்பு எடுத்தேன், மறுநாள் ஏறிவிட்டது. சிவப்புக்கு இறங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, பம்பை அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 108க்குப் போன் போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு.