பனிக்காலக் கோழிக்கூடு: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 10

ஒட்டாவாவுக்குக் கிழக்கே, சோள வயல்களின் நடுவில் இருக்கும் எங்கள் வளவில், இன்று காலை கோழிகளின் தண்ணீர்த் தட்டில் முதன்முறையாகப் பனிக்கட்டி படர்ந்திருந்தது. இனி ஏப்ரல் வரை ஒன்பது பேடுகளின் நலமும் எட்டடி நீளம், ஆறடி அகலம் கொண்ட அந்த மரக்கூட்டைப் பொறுத்தது. அவை இரவில் அடையும் உருண்டைக் கம்பை எடுத்துவிட்டு, நாலங்குல அகலச் சட்டமொன்றைத் தட்டையான பக்கம் மேலே வருமாறு பொருத்தினேன். கம்பைப் பற்றியிருக்கும் கோழியின் விரல்கள் குளிருக்கு வெளியே தெரியும். அகலச் சட்டத்தில் அமர்ந்தால் வயிற்று இறகுகள் பாதங்களை முழுவதுமாக மூடிவிடும்.

ஒன்பதில் ஐந்து, சாந்தெக்ளேர் இனத்தவை. மொன்றியலுக்கு மேற்கே ஓக்காவில் இருந்த துறவி மடத்தில், வில்ஃப்ரிட் சாத்தலன் என்னும் துறவி 1908இல் தொடங்கிப் பொறுமையாக இனக்கலப்புச் செய்து, 1918இல் வெளியுலகுக்குத் தந்த கோழி இது. கொண்டை சிறு மெத்தைபோலத் தலையோடு ஒட்டியிருக்கும். தாடியும் மிகச் சிறியது. கடுங்குளிரில் முதலில் உறைவது இறகில்லாத சதைதான் என்பதால், அந்தச் சதையையே இயன்றவரை குறைத்துவிட்டார் அவர். மற்றவற்றில் இரண்டு பிளைமவுத் ராக், இரண்டு லெகோர்ன். லெகோர்ன்களின் பெரிய, ஒரு பக்கம் சாய்ந்து விழும் சிவந்த கொண்டைகளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை.

டிசம்பர் 4

இன்றிரவு மைனஸ் 19 பாகை வரை இறங்குமாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், “தம்பி, கோழியளுக்குக் குளிராதே? ஒரு லைற் எண்டாலும் போட்டுவிடன்” என்றார். அவர் வளர்த்த கோழிகள் பொழுதுபட்டால் மாமரக் கிளையில் ஏறி அடைந்தவை. கூட்டுக்குள் இருக்கும் கோழிக்காக அவர் கவலைப்பட்டு நான் கேட்டது இதுவே முதல்முறை.

வெப்ப விளக்கு வைப்பதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உலர்ந்த மரச்சீவலும் தூசியும் இறகும் நிறைந்த இடத்தில் அந்த விளக்கு ஒருமுறை கழன்று விழுந்தாலே போதும், கூடு எரிந்துவிடும். மின்சாரம் நின்றாலோ, சூட்டுக்குப் பழகிய பறவை திடீரெனக் கடுங்குளிரில் தவிக்கும். ஆனாலும் அம்மாவின் கவலை என்னையும் பற்றிக்கொண்டது. கூரையடியில் இருந்த இரண்டு காற்றுத் திறப்புகளையும் பழைய சாக்குகளால் இறுக அடைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6

அடைத்தது பெரும் பிழை. காலையில் கதவைத் திறந்ததும் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. கைவிளக்கை மேலே பிடித்தபோது, கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் வெண்பனி மொட்டுமொட்டாகப் பூத்திருந்தது. கண்ணாடிச் சன்னலின் உட்புறம் முழுவதும் பனிக்கீற்றுகள். லெகோர்ன்களில் ஒன்றின் கொண்டையில், பின்பக்கத்து மூன்று முனைகள் நிறம் வெளிறி மெழுகுபோல இருந்தன. விரலால் தொட்டால் மரத்துண்டுபோல விறைப்பாக இருந்தது.

தேய்க்கவோ சூடுகாட்டவோ கூடாது என்று அறிந்திருந்ததால், அதை அதன் போக்கில் விட்டேன். என் கையால் நேர்ந்தது என்பது மனதை அறுக்கிறது.

டிசம்பர் 7

பக்கத்துப் பண்ணை முதியவர் வந்து பார்த்தார். கூட்டுக்குள் தலையை நுழைத்து ஒருமுறை மூச்சிழுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சாக்குகளைத் தாமே உருவி வெளியே போட்டார். அவர் விளக்கியதை இப்படிப் புரிந்துகொண்டேன்: கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை, காற்றை அடைத்துப் பிடிக்கும் இறகுப் போர்வை அதற்கு உண்டு. அந்தப் போர்வையும் கொண்டையும் உலர்ந்திருக்கும்வரை அது குளிரைத் தாங்கும். ஆனால் ஒன்பது கோழிகள் இரவெல்லாம் விடும் மூச்சிலும், பெரும்பகுதி நீராகவே இருக்கும் எச்சத்திலும் இருந்து எழும் ஈரம் மேலே போய், வெளியேற வழியில்லாமல் கூரையில் உறைந்து, மீண்டும் அவற்றின் மேலேயே இறங்குகிறது. வெளிக்குளிரைக் காட்டிலும் இந்த ஈரமே கொண்டையை அழிக்கிறது.

ஆகவே திறப்புகள் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். கோழி அடையும் உயரத்தில் மட்டும் காற்று நேராக வீசக் கூடாது. அதற்காகக் காற்று வரும் மேற்குப் பக்கத்துப் பலகை இடுக்குகளை மட்டும் அடைத்தேன். திறப்புகளில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தேன். குளிர்காலத்தில் வெள்ளை நிறமாக மாறும் எர்மின் என்னும் சிறு வேட்டை விலங்கு, கீரியைப் போல மெலிந்த உடலால் சின்னஞ்சிறு சந்திலும் நுழைந்துவிடும். ஈரக் கூளத்தை அள்ளி எறிந்து, ஓரடி உயரத்துக்குப் புதிய மரச்சீவல் பரப்பினேன்.

டிசம்பர் 21

பகல் எட்டே முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு முட்டைகள், ஒன்று உறைந்து ஓடு வெடித்திருந்தது. விளக்குப் போட்டுப் பகலை நீட்டினால் கூடுதலாக இடும்; இறகுதிர்ந்து புது இறகு முளைத்த களைப்பில் இருப்பவற்றை நான் ஓய்வெடுக்க விடுகிறேன்.

ஜனவரி 14

முழங்கால் அளவு புதுப்பனி. கூட்டின் சிறுகதவைத் திறந்தபோது, முன்னால் நின்ற பிளைமவுத் ராக் ஒற்றைக் காலை வைத்து, உடனே இழுத்து மார்பிறகுக்குள் ஒளித்துக்கொண்டது. பின்னால் நின்றவை அதன் முதுகுக்கு மேலாக எட்டிப் பார்த்தன. வெண்மையான தரையை அவை நம்புவதேயில்லை.

நான் கூட்டிலிருந்து விறகுக் கொட்டில் வரை ஒரு பாதை வெட்டி, வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினேன். அரை மணித்தியாலத்துக்குள் ஏழு கோழிகள் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தன. தெற்குச் சுவரோரம் சாய்ப்பு இறக்கி, அதன் கீழ் உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வைத்திருக்கிறேன். பருந்து வந்தாலும் அதுவே புகலிடம். மேய்ச்சல் என்று சொல்ல இப்போது புல் ஒன்றும் இல்லை; என்றாலும் நாள் முழுவதும் அடைந்து கிடந்தால் ஒன்றன் இறகை ஒன்று கொத்தத் தொடங்கிவிடும். ஆகையால் கதவைத் திறப்பது என் கடமை, வருவதும் வராததும் அவற்றின் விருப்பம். காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் நானே திறப்பதில்லை.

ஜனவரி 22

மைனஸ் 31. மாலையில் ஆளுக்கொரு பிடி உடைத்த சோளம் கொடுத்தேன். இரவெல்லாம் செரிக்கும்போது உடலுக்குச் சூடு கிடைக்கும். மின்தட்டில் வைத்த தண்ணீர் உறையவில்லை. இரவு பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்பதும் தோளோடு தோள் ஒட்டி, பந்துபோல உப்பி, முகத்தை முதுகிறகுக்குள் புதைத்திருந்தன. திறப்பு வழியாக விண்மீன்கள் தெரிந்தன. ஆணி முனைகளில் பனி இல்லை.

மார்ச் 16

லெகோர்னின் கொண்டையில் கறுத்துச் சுருங்கியிருந்த முனைகள் இரண்டு தாமாகவே உதிர்ந்துவிட்டன. அடியில் தோல் சிவப்பாக ஆறியிருக்கிறது. இன்று அது சாய்ப்பின் கீழே சாம்பல் மண்ணில் பக்கவாட்டில் படுத்து, ஒற்றைச் சிறகை வெயிலுக்கு விரித்து, மண்ணை உடலெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முனை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் தொடவில்லை.